மீன்தொட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட்

அன்று என் விரலில் பட்டது கறண்டா, அல்லது ஓரா மீன் குத்திய காயத்தில் உப்புத் தண்ணீர் பட்ட எரிவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும், பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போதும் அந்தக் கேள்வி திரும்ப வந்து நிற்கும்.

அன்று காலையில் கறிக்கு ஓரா வெட்டினேன். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரா தன் முள்ளை எங்காவது ஏற்றிவிடும். குத்தினால் அரை நாளைக்குக் கடுக்கும். அந்தக் கடுப்போடுதான் மத்தியானம் மீன்தொட்டிக்குள் கையை விட்டு, தண்ணீரை வடிகட்டும் பம்பின் பஞ்சைக் கழற்றினேன். சுரீரென்று ஒன்று முழங்கை வரைக்கும் ஏறியது. கையை இழுத்துக்கொண்டு திரும்பினால், என் மகள் பக்கத்தில் கதிரையில் ஏறி நிற்கிறாள். அவளுடைய கையும் அதே தண்ணீருக்குள்.

"அம்மா, மீன் என்ர விரலைக் கொஞ்சுது" என்றாள்.

அவளைத் தூக்கி நிலத்தில் விட்டேன். தூக்கிய வேகத்தில் அவள் பயந்து அழத் தொடங்கிவிட்டாள். சுவரில் இருந்த சுவிட்சை அடித்து நிறுத்தினேன். பம்ப் நின்றது, காற்றுக் குமிழி நின்றது, லைற் அணைந்தது. அவளுடைய அழுகை மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை.

அந்தத் தொட்டி என் தம்பியுடையது. நாரந்தனையில் நான் பிறந்த வீட்டு விறாந்தையில் வைத்திருந்தான். வெளிநாடு போகிற நேரம், "அக்கா, நீ தான் பாப்பாய்" என்று சொல்லி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட வீடு கடற்றொழில் வீடு. மீன் பிடித்து விற்கிற வீட்டில் மீனுக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பதைப் பார்த்து ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. "உதுகளை எப்ப ஏலம் விடப் போறியள்?" என்று ஒரு அண்ணை வாசற் படலைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் கடற்கரைக்கு இறங்குவார். என் கணவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கடலால் வந்ததும் கைகாலைக் கழுவிவிட்டு அவர் முதலில் போய்ப் பார்ப்பது அந்தத் தொட்டியைத்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அதை மீனுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. அதனால் சவர்த் தண்ணீரில் இருக்கக்கூடிய மொலி மீன்களைத்தான் வளர்த்தோம். நான் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தவள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நல்ல தண்ணீரை விட இலகுவாக ஓடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவள் அதுவரை என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? லைற்றுக்கு ஒரு பிளக், பம்புக்கு ஒரு பிளக், காற்று மோட்டருக்கு ஒன்று, வெய்யில் நாளில் தண்ணீரைக் குளிராக்க வைத்த சின்ன விசிறிக்கு ஒன்று. நாலும் ஒரே மல்ரி பிளக்கில் சொருகி, தொட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. சரியாக என் மகளின் நெஞ்சு உயரத்தில். வயர்களில் வழிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தப் பிளக்கின் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் வந்ததும் சொன்னேன். "இஞ்சாருங்கோ, தொட்டித் தண்ணிக்குள்ள கறண்ட் அடிக்குது."

"ஆருக்கு?"

"எனக்கு."

"பிள்ளைக்கு?"

"அவளுக்கு மீன் கொஞ்சுதாம்."

அவர் கறண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ரெஸ்ரரை எடுத்து வந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. பிறகு நான் கத்தக் கத்தக் கையை மணிக்கட்டு வரை விட்டார்.

"ஒண்டும் இல்லையப்பா. ஓரா குத்தின கையைச் சவர்த் தண்ணிக்குள்ள விட்டால், சந்தனம் பூசின மாதிரியே இருக்கும்?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா, என் மாமி, குரல் கொடுத்தா. "அவள் சும்மா சொல்ல மாட்டாள். பிள்ளை ஏறி நிக்கிற இடம். ஒருக்கா வடிவாப் பார் மோனை."

மாமிக்கு ரெஸ்ரரும் தெரியாது, வோல்ட்டும் தெரியாது. நான் சும்மா சொல்ல மாட்டேன் என்று மட்டும் அவவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கே அது நிச்சயமில்லாமல் இருந்த நேரத்தில் அப்படிச் சொன்னா. அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவவிடம் சொன்னதில்லை. சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையோ பிள்ளை" என்பா.

பழைய பம்பை அதற்குப் பிறகு தண்ணீரில் போடவில்லை. மீன்களைப் பெரிய வாளிக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிச் சமாளித்தேன். அடுத்த நாள் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவர் திடீரென்று, "கடலில, போட்டில, எந்த நேரமும் நனைஞ்ச கையோட தானே வயரைப் பிடிக்கிறம்" என்றார்.

"அது பற்றறி. பன்ரண்டு வோல்ட்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். இதையும் பன்ரண்டில ஓட்டினால் என்ன?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று யோசித்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளின் முதுகையும் திருப்பிப் பார்த்தேன். லைற்றும் விசிறியும் ஏற்கெனவே பன்னிரண்டு வோல்ட்தான். அவற்றின் கறுப்பு அடப்ரர்கள்தான் வீட்டுக் கறண்டைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. பம்பும் காற்று மோட்டரும் நேரே வீட்டுக் கறண்டில் ஓடுபவை. அந்த இரண்டுக்கும் பதிலாகப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிறவற்றை வாங்கினால், நாலு பிளக்குக்கும் பதிலாக ஒரே ஒரு பவர் சப்ளை போதும். வீட்டுக் கறண்ட் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். அதிலிருந்து தொட்டிக்கு வருவதெல்லாம் போட்டில் இருப்பது போன்ற சின்ன வோல்ட்தான். என் மகள் கையை விட்டாலும், வயரைப் பிடித்து இழுத்தாலும், பம்பையே கடித்தாலும் அவளுக்கு ஒன்றும் வரக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நாலுக்கும் எவ்வளவு அம்பியர் தேவை என்று கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன். அவரையும் கூட்டச் சொன்னேன்.

"நீர் கூட்டினது பிழையெண்டால் நான் கூட்டினதும் பிழையாத்தான் வரும்" என்றார். ஆனாலும் கூட்டினார். சரியாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய் வாங்கி வந்தோம். பவர் சப்ளை என்பது ஓட்டை போட்ட தகரப் பெட்டி. பெயர்ப் பலகை லைற்றுகளுக்கும் கமராக்களுக்கும் பூட்டுகிற வகை. எங்களுக்குத் தேவையானதை விட மூன்று மடங்கு கொடுக்கக்கூடிய பெட்டியைக் கடைக்காரர் எடுத்துத் தந்தார். கூட இருந்தால் பெட்டி சூடாகாமல் ஆறுதலாக வேலை செய்யும் என்று அவர் சொன்னது சரிதான். அதே 'கூட' வேறொரு இடத்தில் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது மடியில் பெட்டியும், அதன் மேல் தூங்கிப்போன மகளின் தலையுமாக இருந்தேன். கடலுக்கு மேலால் போகும் பண்ணைப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, கனநாளைக்குப் பிறகு எனக்கு ஒரு நிம்மதி.

பெட்டியை எங்கே வைப்பது? கதிரையில் ஏறத் தெரிந்த பிள்ளைக்கு எட்டாத இடம் எது? நான்தான் சொன்னேன், பக்கத்து அறை அலுமாரிக்குள் வைப்போம் என்று. மேல் தட்டு, பூட்டு இருக்கிறது, திறப்பை நான் என்னோடு வைத்திருப்பேன். அலுமாரியின் முதுகுப் பலகையில் துளை போட்டு, சுவரிலும் துளை போட்டு, வயரைத் தொட்டிக்குக் கொண்டுவரலாம். அவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வயர் வாங்க மறந்துவிட்டோம். வீட்டில் வயருக்கு என்ன குறை? மாதா கோவில் திருநாளுக்கு எங்கள் ஒழுங்கையில் கலர் பல்ப் கட்டுவது இந்த வீட்டின் பொறுப்பு. அந்த வயர் சுருள் சுருளாக ஒரு பிளாஸ்ரிக் பரலுக்குள் கிடக்கிறது. பல்ப் கட்டாத ஒரு சுருளை அவர் எடுத்து வந்தார்.

"இது காணுமோ? மெல்லிசாக் கிடக்கு" என்றேன்.

"வீட்டுக் கறண்டையே தாங்கினது. பன்ரண்டைத் தாங்காதோ?"

நானும் தலையாட்டினேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

வெட்டப் போனவரை மாமி தடுத்தா. "திருநாள் வயரை வெட்டாதை மோனை. வாற வருசம் சந்தி மட்டுக்கும் எட்ட வேணும்." அதனால் வெட்டாமல், மிஞ்சிய நீளத்தை அழகாக வளையமாகச் சுற்றி, நூலால் கட்டி, அலுமாரித் தட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். தட்டில் இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அந்த வளையத்தின் மேல் மாமியின் கோவில் சீலைகளை அடுக்கியது நான்.

எல்லாம் ஓடியது. மீன்கள் தொட்டிக்குத் திரும்பின. மகள் கதிரையில் ஏறிக் கையை விட்டாள், நான் மூச்சை விட்டேன். லைற் மட்டும் முன்பை விட மங்கல். விசிறி சோம்பலாகச் சுற்றியது.

"கன வெளிச்சம் மீனுக்குக் கூடாது. கண் கூசும்" என்றா மாமி.

"விசிறியும் ஆறுதலாச் சுத்தட்டும். அதுக்கு எங்க போக அவசரம்?" என்றார் அவர்.

ஒரு தரமாவது எதையும் கிண்டாமல் விடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிண்ட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட, மாமி வெள்ளைச் சீலை எடுத்துத் தரச் சொன்னா. நான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் திறப்பைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் இருந்து கேட்டா:

"பிள்ளை, இந்தச் சீலையை ஆர் அயன் பண்ணினது?"

"ஒருத்தரும் பண்ணேல்லை மாமி."

"பின்னை என்னெண்டு சுடுது?"

ஈரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீலை சூடாக இருந்தது. அதற்குக் கீழே வயர் வளையம் தொட முடியாத சூடு. வெளித்தோல் இளகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. அலுமாரிக்குள் சூடான பிளாஸ்ரிக்கின் மணம். அந்த அறையில்தான், அந்த அலுமாரிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு, மகளை மத்தியானத்தில் படுக்க வைப்பேன்.

அவர் ஓடிப்போய்ச் சுவிட்சை நிறுத்தினார். மாமி சீலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. மடிப்பில் மெல்லிய மஞ்சள் கோடு விழுந்திருந்தது. நான் அழப் போகிறேன் என்று தெரிந்ததோ என்னவோ, "மடிப்பை உள்பக்கமா விட்டுக் கட்டினால் தெரியாது" என்று சொல்லி, அதையே உடுத்திக்கொண்டு பூசைக்குப் போய்விட்டா.

அவ போன பிறகு நான் குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். பார்த்தால் ஒன்றும் பெரிய கணக்கில்லை. அதே வேலையைக் குறைந்த வோல்ட்டில் செய்ய வேண்டுமென்றால் கூடிய அம்பியர் ஓட வேண்டும். வீட்டுக் கறண்டில் கால் அம்பியருக்கும் குறைவாக ஓடியது, பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றுக்கு மேல் ஓடியிருக்கிறது. வயரைச் சூடாக்குவது அம்பியர். திருநாள் வயர் மெல்லிசு, நீளமும் கூட. பாதிச் சக்தி வழியிலேயே சூடாகக் கரைந்துபோனதால்தான் லைற் மங்கியது, விசிறி சோம்பியது. பெட்டி தன் அளவைத் தாண்டும் வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். வயர் உருகினாலும் பெட்டிக்கு அது பாரமாகத் தெரியாது. இதெல்லாம் சோதனைக்கு எழுதிச் சித்தியடைந்த பாடம். என் கையால் கட்டிய வயரில் மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"தொட்டியை ஆருக்கும் குடுத்துவிடுவம்" என்றேன். "தண்ணிக்குப் பயந்து நெருப்பைக் கொண்டுவந்து பிள்ளையின்ர தலைமாட்டில வைச்சிருக்கிறன்."

அவர் வாசலில் நின்று வெளியே பார்த்தார். எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரியும்.

"முன்னுக்குக் கடல் கிடக்கு. அதையும் ஆருக்கும் குடுக்கேலுமே?" என்றார். பிறகு திரும்பி, "பிழை எங்க எண்டு உமக்குத் தெரிஞ்சு போச்சு. இனித் திருத்துறதுதானே. என்ன வயர் வேணும் எண்டு சொல்லும்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு திட்டு வாங்கினால்கூட நல்லது போல இருந்தது. அவர் திட்டவில்லை. திருநாள் வயர் தன் யோசனை என்பதையும், அலுமாரி என் யோசனை என்பதையும் அன்றும் இன்றும் அவர் பிரித்துச் சொன்னதில்லை. "நாங்கள் கட்டின வயர்" என்றுதான் சொல்வார்.

போட்டுக்குப் போடுகிற தடித்த வயர் வாங்கினோம். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும், பிள்ளைக்கு எட்டக்கூடாது, தொட்டித் தண்ணீர் தெறிக்கக்கூடாது, வயரும் குட்டையாக இருக்க வேண்டும். விறாந்தைச் சுவரில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. அங்கே பலகைத் தட்டில் மாதா சுரூபம் இருந்தது. அதை மாற்றுவோம் என்று நான் சொல்லவேயில்லை. நான் அந்தச் சுவரைப் பார்ப்பதையும் பிறகு பார்வையை எடுப்பதையும் மாமி கண்டிருக்கிறா.

"மாதாவை இஞ்சால் பக்கம் வைப்பம்" என்றா. "அவவும் ஒரு பிள்ளையை வளத்தவ தானே. கோவிக்க மாட்டா."

தானே கதிரையில் ஏறிச் சுரூபத்தை இறக்கி, முந்தானையால் தூசி துடைத்து, எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனா. மாதா இப்போது அங்கிருந்து பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறா.

இந்த முறை நாலு பொருளுக்கும் நாலு வயர், ஒவ்வொன்றும் பெட்டியை விட்டு வெளிக்கிடும் இடத்தில் ஒரு சின்ன பியூஸ். எந்த வயரில் கோளாறு வந்தாலும் அதன் பியூஸ் போய்விடும், மற்றவை ஓடும். வீட்டுக் கறண்ட் பக்கத்து வேலையில் நாங்கள் கை வைக்கவில்லை. வயரிங் செய்கிற அண்ணை ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பெட்டிக்கு எர்த் கொடுத்து, கறண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற பழைய ரிப் சுவிட்சையும் மாற்றிவிட்டு, தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"வீடு குடுத்து, கறண்டும் இழுத்துக் குடுத்திட்டியள் தங்கச்சி. இனி இதுகளுக்கு வோட்டும் வந்திடும்."

"வோட்டு வந்தால் உங்களுக்குத்தான் போடும் அண்ணை" என்றார் என் கணவர்.

சுவிட்சைப் போட்டதும் லைற் எரிந்த வெளிச்சத்தில் மொலிகளின் செதில்கூடத் தெரிந்தது. விசிறி விர்ரென்று சுற்றியது. ஒவ்வொரு வயரையும் நான் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. சாப்பிட்ட பிறகும் தடவினேன். படுக்கப் போகும் முன்னும் தடவினேன். "வயருக்குக் கூச்சம் வரப்போகுது" என்றார் அவர். மகளும் பார்த்துப் பழகி, தொட்டிக்குப் பக்கத்தில் எட்டுகிற துண்டு வயரைத் தடவிவிட்டு, "சுடேல்லை அம்மா" என்று அறிவிக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. ஒரு தரம் காற்று மோட்டரின் பியூஸ் போனது. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. அன்று எனக்கு வந்த சந்தோசத்தை யாரிடமும் விளங்கப்படுத்த ஏலாது. ஒரு பொருள் தான் செய்ய வேண்டிய இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்தது, அவ்வளவுதான். தம்பிக்கு வீடியோ கோல் எடுத்துத் தொட்டியைக் காட்டினேன். "நான் வைச்சிருக்கேக்க இவ்வளவு வடிவாய் இல்லை அக்கா" என்றான். இன்னும் உயிரோடு ஒரு வீட்டில் எல்லோரும் இருக்கிறோம், மீன்கள் உட்பட. அதற்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமென்று நினைத்தால், என்னை நம்பிய மாமி, திட்டாத கணவர், சூட்டைத் தாங்கிக் காட்டிக்கொடுத்த வெள்ளைச் சீலை என்று அது நீண்டுகொண்டே போகிறது.

ஆனால் கவலையில்லாமல் இருக்க எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. கடந்த மாதம் பெட்டியின் தகர மூடியைக் கழற்றியபோது, வயர் பூட்டிய திருகாணிகளில் பச்சைப் பூஞ்சணம் போல ஏதோ படிந்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. துடைத்து, இறுக்கிப் பூட்டினேன். இறுக்கம் தளர்ந்த இடமும் சூடாகும் என்று வாசித்திருக்கிறேன். போட்டில் கிறீஸ் பூசுவார்கள் என்கிறார் கணவர். காற்றோட்டமுள்ள சூடான பெட்டிக்குள் கிறீஸ் பூசலாமா என்று அவருக்கும் நிச்சயமில்லை. எங்கள் நிலம் கல்லும் மணலும். கோடையில் எர்த் கம்பி நிற்கும் இடம் காய்ந்து வெடிக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா, ஊற்றினால் எத்தனை நாளைக்கு ஒருக்கா என்று வேலை செய்த அண்ணையிடம் கேட்டேன். "மரத்துக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்கோ" என்றார். அது பகிடியா, பதிலா என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மகள் தண்ணீருக்குள் கை விடும் முன் என்னைக் கூப்பிட வேண்டும், நான் சுவிட்சை நிறுத்திய பிறகுதான் விட வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது தேவையில்லை என்கிறார்கள். தேவையில்லாத இடத்திலும் பழகினால்தான் தேவையான இடத்தில் கை தானாக நிற்கும் என்று நான் நினைக்கிறேன். அல்லது அவளையும் என்னைப் போல ஆக்கிக்கொண்டிருக்கிறேனோ தெரியாது.

இதை வாசிப்பவர்களில் கடலோரத்தில் குடியிருப்பவர்கள், கறண்ட் வேலை தெரிந்தவர்கள், சின்னப் பிள்ளையோடு மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருப்பீர்கள். உப்புக் காற்றிலிருந்து அந்த ஆணிகளை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள், காய்ந்த நிலத்தில் எர்த்தை என்ன செய்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், எதைச் சொல்லாமல் விடுகிறீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று நினைத்தால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.